ரேம்ப் போட்டால் போதுமா? படிக்கட்டுக்கும் கைப்பிடிக்கும் அளவு இருக்கு!

அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். அடுத்து ராமநாதசுவாமி கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். தலை முதல் கால் வரை நனைந்து, வெறுங்காலோடு லாட்ஜுக்குத் திரும்புகிறார் 70 வயது அம்மா ஒருவர். அறை இரண்டாவது மாடியில். வழவழப்பான கிரானைட் படி. ஒரு பக்கம் வெறும் சுவர், மறுபக்கம் விரல்களால் பற்ற முடியாத அகலமான கட்டைச் சுவர். கற்பனைக் காட்சிதான். ஆனால், அப்பா அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப் போனவர்களுக்கு இதில் புதுசு எதுவும் இருக்காது.

இதைக் கேட்டால் வரும் பதில்: “சக்கர நாற்காலிக்கு வாசலில் ரேம்ப் போட்டாச்சே, வேற என்ன வேணும்?”

அந்த அம்மா சக்கர நாற்காலியில் வரவில்லை. மூட்டுவலிக்காரர், ஊன்றுகோலோடு நடப்பவர், பார்வை மங்கியவர், கர்ப்பிணி, குழந்தையைத் தூக்கி வருபவர் எல்லோரும் ஏறி இறங்குவது படியில்தான். அவர்களுக்குத் தேவை பிடிமானம். அதற்கும் விதி இருக்கிறது.

எந்தக் கட்டடத்துக்கு இது பொருந்தும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ல் ‘பொதுக் கட்டடம்’ என்றால் அரசு அலுவலகம் மட்டும் இல்லை. பொதுமக்கள் வந்து போகும் தனியார் கட்டடமும் அதில் அடக்கம். கல்வி நிலையம், மருத்துவமனை, வணிக வளாகம், வழிபாட்டு இடம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாம் இந்த வரையறைக்குள் வருகின்றன. அதாவது, ராமநாதபுரம் கலெக்டர் அலுவலகமும் சரி, ராமேஸ்வரம் ரத வீதியில் இருக்கும் லாட்ஜும் சரி, இரண்டுக்கும் ஒரே சட்டம்தான்.

சட்டத்தின் 44-வது பிரிவுப்படி, விதிகளுக்கு ஒத்துவராத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரக்கூடாது. விதிப்படி கட்டாத கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்றும் தரக்கூடாது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது 45-வது பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூன் மாதம். கணக்குப்படி அந்தக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

அளவு என்ன? போனை வைத்தே பார்க்கலாம்

மத்திய அரசின் ஒருங்கிணைந்த வழிகாட்டி நெறிமுறைகளில் மில்லிமீட்டர் கணக்கில் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. டேப் கையில் இல்லையா? இன்றைய பெரும்பாலான ஸ்மார்ட்போன்களின் நீளம் சுமார் 16 செ.மீ. அதுவே போதும்.

● ஒரு படியின் உயரம் 15 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. போனை நிமிர்த்தி வைத்தால், படி அதைவிட உயரமாக இருக்கக்கூடாது.

● கால் வைக்கும் அகலம் குறைந்தது 30 செ.மீ. அதாவது, ஏறக்குறைய இரண்டு போன் நீளம். எல்லாப் படியும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

● ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்று வேறு நிறத்தில் பட்டை வேண்டும். பார்வை குறைந்தவருக்குப் படி எங்கே முடிகிறது என்று காட்டுவது அதுதான்.

● கைப்பிடி இரண்டு பக்கமும், இடையில் அறுபடாமல், இரண்டு உயரத்தில்: 90 செ.மீ. மற்றும் 76 செ.மீ. கீழே இருப்பது குழந்தைகளுக்கும் உயரம் குறைந்தவர்களுக்கும்.

● கம்பி உருண்டையாக, 3.8 முதல் 4.5 செ.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும். விரல்கள் சுற்றிப் பிடிக்கும் அளவு அது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும்.

● கைப்பிடி, முதல் படிக்கு முன்பும் கடைசிப் படிக்குப் பின்பும் 30 செ.மீ. நீள வேண்டும்.

கடைசி விதி ஏன்? படி முடிந்துவிட்டது என நினைத்துக் கால் தடுமாறும் இடம் அதுதான். அங்கே கையில் கம்பி இருக்க வேண்டும்.

உப்புக் காற்று ஊரில் கூடுதல் கவனம்

பழைய பாம்பன் ரயில் பாலத்தை வாட்டியது கடல் அரிப்பு. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவைத் தடுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளும் சிறப்புப் பெயின்ட்டும் பயன்படுத்தப்பட்டன. இதே காற்றுதான் லாட்ஜ் மாடிப்படியிலும் வீசுகிறது. சாதாரண இரும்புக் கம்பிக்குப் பெயின்ட் அடித்து விட்டால், சுவரில் பதிந்த இடத்தில் துரு தின்றுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் தரம் உண்டு; கடலோரத்துக்கு 304-ஐ விட 316 என்ற தரம் தாக்குப்பிடிக்கும். ஆடும் கைப்பிடி, இல்லாத கைப்பிடியைவிட ஆபத்து. அதை நம்பித்தான் ஒருவர் முழு எடையையும் சாய்க்கிறார்.

உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?

பார்வை மாற்றுத்திறனாளியான ராஜீவ் ரதூரி தொடர்ந்த வழக்கில் 2024 நவம்பர் 8-ல் முக்கியத் தீர்ப்பு வந்தது. சட்டம் ‘கட்டாயம்’ என்கிறது. ஆனால் 2017 விதிகளின் 15(1), வெறும் பரிந்துரையாக இருக்கும் நெறிமுறைகளைக் கைகாட்டுகிறது. இது சட்டத்துக்கே முரண் என்றது நீதிமன்றம். எந்தச் சூழலிலும் விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்ச விதிகளைத் தனியாகப் பிரித்துக் கட்டாயமாக்க, மத்திய அரசுக்கு 3 மாத அவகாசம் கொடுத்தது. ‘முடிந்தால் செய்கிறோம்’ என்ற சாக்குக்கு இடமில்லை என்பதே இதன் சாரம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

படியில் போனை வைத்து ஒரு படம், கைப்பிடியை ஒரு படம் எடுங்கள். மத்திய அரசின் ‘சுகம்ய பாரத்’ செயலியில் பதிவேற்றலாம். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் செய்யலாம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை.

அதற்கெல்லாம் முன்பு இன்னும் எளிதான வழி ஒன்று உண்டு. லாட்ஜ் புக் பண்ணும்போது ஏசி இருக்கா, வைஃபை இருக்கா என்று கேட்கிறோம் இல்லையா? அதோடு “மாடிப்படியில ரெண்டு பக்கமும் கைப்பிடி இருக்கா?” என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் உரிமையாளர் யோசிப்பார். லிஃப்ட் வைக்கும் செலவோடு பார்த்தால் ஒரு கம்பியின் செலவு ரொம்பக் கம்மி. ஈரக்காலோடு படியேறும் அந்த அம்மாவுக்கோ, இடுப்பெலும்பு உடையாமல் ஊர் திரும்ப அதுதான் துணை.