துருக்கியை ஆண்ட தளபதி: கெனான் எவ்ரென்

நாட்டைக் காப்பாற்றத்தான் ஆட்சியைப் பிடித்தோம் என்று இராணுவத் தளபதிகள் சொல்வது உலகத்திற்குப் புதிதல்ல. அப்படிச் சொன்னவர் பின்னாளில் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேர்வதுதான் அபூர்வம். துருக்கியின் ஜெனரல் கெனான் எவ்ரெனுக்கு அது நேர்ந்தது.

1917ஆம் ஆண்டு மேற்குத் துருக்கியின் அலஷெஹிர் என்ற ஊரில் பிறந்தவர் எவ்ரென். 1938இல் இராணுவக் கல்லூரியில் தேறி, பீரங்கிப் படையில் அதிகாரியானார். கொரியாவில் இருந்த துருக்கியப் படைப்பிரிவிலும் பணியாற்றினார். படிப்படியாக உயர்ந்து, 1978இல் முப்படைகளின் தலைமைத் தளபதியானார்.

அன்றைய துருக்கி எப்படி இருந்தது? இடதுசாரி, வலதுசாரி இளைஞர்கள் தெருவில் ஒருவரையொருவர் சுட்டுக் கொண்டனர். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். நாடாளுமன்றத்தில் நூறு சுற்றுகளுக்கு மேல் வாக்களித்தும் ஓர் அதிபரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வெளியே போனவர் வீடு திரும்புவாரா என்று மக்கள் கலங்கிக் கிடந்தனர்.

1980 செப்டம்பர் 12ஆம் தேதி அதிகாலை, இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டதாக வானொலி அறிவித்தது. எவ்ரென் தலைமையில் ஐந்து தளபதிகள் நாட்டைத் தங்கள் கையில் எடுத்துக் கொண்டனர். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. பிரதமர் டெமிரலும் எதிர்க்கட்சித் தலைவர் எஜெவிட்டும் காவலில் வைக்கப்பட்டனர். தெருச் சண்டை ஓய்ந்தது. அதனால் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த அமைதிக்கு மக்கள் கொடுத்த விலை என்ன? சுமார் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் கைது செய்யப்பட்டனர். ஏறத்தாழ 50 பேர் தூக்கிலிடப்பட்டனர். சிறைகளில் சித்திரவதையால் பலர் மாண்டனர். எர்தால் எரென் என்ற மாணவர், ஒரு சிப்பாயைக் கொன்ற குற்றத்திற்காக அதே ஆண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு 18 வயதுகூட நிரம்பவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. தூக்குத் தண்டனைகளைப் பற்றி 1984இல் பேசிய எவ்ரென், “தூக்கில் போடாமல் சோறு போட்டு வளர்ப்பதா?” என்று கேட்டார். துருக்கி மக்கள் இன்றும் மறக்காத கேள்வி அது.

1982இல் புதிய அரசியல் சட்டம் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்ப்புப் பிரச்சாரத்திற்குத் தடை இருந்த நிலையில், 91 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அதே வாக்கெடுப்பின் வழி எவ்ரென் ஏழாண்டுகளுக்கு அதிபரானார். ஆட்சியைப் பிடித்த தளபதிகள் மீது யாரும் வழக்குத் தொடுக்க முடியாது என்ற விதியும் அந்தச் சட்டத்தில் இடம்பெற்றது. தங்களுக்கான பாதுகாப்பைத் தாங்களே எழுதிக் கொண்டார்கள்!

ஆனாலும் மக்களின் மனத்தை அவர்களால் முழுமையாகக் கட்டுப்படுத்த முடியவில்லை. 1983 தேர்தலுக்கு முன் எவ்ரென் தொலைக்காட்சியில் தோன்றி, துர்குத் ஓசாலுக்கு எதிராக மறைமுகமாகப் பேசினார். வென்றவர் ஓசால்தான். 1989இல் பதவிக்காலம் முடிந்ததும் எவ்ரென் கடலோர ஊரான மர்மாரிஸில் குடியேறி, ஓவியம் தீட்டிப் பொழுதைக் கழித்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. 2010 செப்டம்பர் 12ஆம் தேதி, ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து சரியாக 30 ஆண்டுகள் கழித்து, மற்றொரு பொதுவாக்கெடுப்பில் 58 விழுக்காட்டினர் சட்டத் திருத்தங்களை ஆதரித்தனர். தளபதிகளைக் காத்த விதி நீங்கியது. 2012இல் வழக்கு தொடங்கியது. ஐவரில் உயிரோடு இருந்தவர்கள் எவ்ரெனும் விமானப்படைத் தளபதி ஷஹின்காயாவும் மட்டுமே. இருவரும் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து காணொளி வழி வாக்குமூலம் அளித்தனர். 2014 ஜூனில் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஜெனரல் பட்டத்தைப் பறித்து, சாதாரண சிப்பாயாகத் தரமிறக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

மேல்முறையீடு முடிவதற்குள், 2015 மே 9ஆம் தேதி, 97ஆவது வயதில் எவ்ரென் காலமானார். அதனால் தீர்ப்பு உறுதியாகாமலே போனது. அவர் ஒருநாள்கூடச் சிறைக்கம்பியை எண்ணவில்லை. இராணுவ மரியாதையுடன் அங்காராவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் காலத்து அரசியல் சட்டம், பல திருத்தங்களுடன், இன்றும் நடப்பில் இருக்கிறது.

இதை நீதி என்பதா, காலம் கடந்த கண்துடைப்பு என்பதா? பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஈடாகாது. ஆனால், ஆட்சியில் இருக்கும்போது தனக்குத்தானே எழுதிக் கொள்ளும் மன்னிப்பு என்றென்றும் செல்லாது என்பதை அந்த வழக்கு காட்டிவிட்டது.