நீரற்ற சமவெளியில் ஒரு சக்கர வீடு

வாணிபத்தின் பொருட்டுக் கூட்டமாக நெடுவழி செல்வோரைப் பண்டைத் தமிழர் ‘சாத்து’ என்றனர். கோவலனின் தந்தையாகிய மாசாத்துவானின் பெயரிலும் அச்சொல் இருக்கிறது. பாரசீகர் இத்தகைய கூட்டத்தைக் ‘காரவான்’ என்றனர். ஒட்டக வரிசையைக் குறித்த அந்தச் சொல் ஐரோப்பா சென்று கூண்டு வண்டியைக் குறிக்கலாயிற்று. இன்று மோட்டார் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீட்டுக்குக் ‘காரவன்’ என்பதே பெயர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி யாவும் அதனுள் அடங்கும். ஆஸ்திரேலியாவில் வேலையினின்று ஓய்வு பெற்றவர்கள் பலர் அதில் நாட்டைச் சுற்றுகிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய நானும், அடிலெய்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவரின் குடும்பத்தாருடன் மேற்கு நோக்கி நல்லார்பார் சமவெளியைக் கடந்தேன்.

‘நல்லார்பார்’ என்பது ‘மரம் ஒன்றுமில்லை’ என்னும் பொருள்படும் லத்தீன் சொற்களால் ஆனது. அதன் பரப்பு ஏறத்தாழ 2,00,000 சதுரக் கிலோமீட்டர். போர்ட் அகஸ்டாவுக்கும் நார்ஸ்மனுக்கும் இடையே சுமார் 1,660 கிலோமீட்டர் ஓடும் எயர் நெடுஞ்சாலை, சமவெளியின் தென்பகுதி வழியே செல்கிறது. இச்சாலை முழுவதும் தாரிடப்பட்டது 1976-ஆம் ஆண்டில்தான். ஓரிடத்தில் 146 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு வளைவுகூட இல்லை. ஓட்டுபவருக்கு இது வசதி என்று நினைத்துவிடாதீர்கள். கண் அயர்வதற்கு இதைவிட ஏற்ற சாலை வேறில்லை.

பாலையென்றால் மழையே பெய்யாது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அங்கும் மழை சிறிது பெய்கிறது. ஆனால் மேலே தங்குவதில்லை. அந்நிலம் முழுவதும் சுண்ணாம்புக்கல். ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன் கடலடியாக இருந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மெல்லக் கரைக்கும். இவ்வாறு உண்டான வெடிப்புகளின் வழியே நீர் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே ஆறு இல்லை, ஏரி இல்லை. கீழே குகைகள் உண்டு. ஆழத்தில் கிடைப்பதும் பெரும்பாலும் உவர்நீரே.

இந்நிலத்தின் கடற்கரை வழியாக 1841-இல் எட்வர்ட் ஜான் எயர் என்னும் ஆங்கிலேயர் மேற்கு நோக்கிச் சென்றார். உடன் சென்றவர்கள் பாக்ஸ்டர் என்ற மேற்பார்வையாளரும் பழங்குடி இளைஞர் மூவரும். கடற்கரை மணல்மேட்டைத் தோண்டினால் குடிநீர் ஊறும் என்பதை அந்நிலத்து மக்களே எயருக்குக் காட்டினார்கள். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரினும் இலேசானது. அதன்மேல் மிதந்து நிற்கும். மணல்மேடு இல்லாத பாறைக் கரையில் அவ்வழியும் இல்லை. இலைகளில் படிந்த பனிநீரைக் கடற்பஞ்சினால் ஒற்றியெடுத்துக் குடித்த நாளும் உண்டு. ஏப்ரல் 29 இரவில் இளைஞர் இருவர் பாக்ஸ்டரைச் சுட்டுக் கொன்று, துப்பாக்கிகளுடனும் உணவுடனும் மறைந்தனர். புதைக்கக் குழி தோண்டவும் முடியாத பாறைத் தரை அது. போர்வையில் சுற்றிய உடலை அங்கேயே விட்டு, எயரும் எஞ்சிய இளைஞர் வைலியும் நடந்தனர். வழியில் ஒரு பிரெஞ்சுத் திமிங்கில வேட்டைக் கப்பல் அவர்களுக்கு உணவளித்தது. ஜூலையில் இருவரும் ஆல்பனியை அடைந்தனர். நெடுஞ்சாலைக்கு எயரின் பெயர் வாய்த்தது. வைலியின் பெயர் ஒரு மேட்டுச்சரிவுக்கு இருக்கிறது. அதைச் சாலையில் செல்வோர் எத்தனை பேர் அறிவர்?

எயருக்கு நீர் கிடைக்காதது துன்பம். காரவனில் செல்வோருக்கு நீரைச் சுமப்பதே கணக்கு. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோகிராம். நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி நிரம்பினால், ஒன்றரை ஆள் எடை கூடிவிடும். அந்த எடை எங்கே அமர்கிறது என்பது அதைவிட முக்கியம். வண்டியின் மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, முன்னால் இணைப்புக் குமிழின்மேல் அழுந்த வேண்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் மிகுந்தால், காரவன் நாய் வாலாட்டுவதுபோல் இருபுறமும் ஆடத் தொடங்கும். அங்கே ‘சாலை ரயில்’ என்னும் தொடர் லாரிகள் ஓடுகின்றன. அவை மிகுந்த நீளமுடையவை. அவை கடக்கும்போது எழும் காற்றே அந்த ஆட்டத்தைத் தூண்டப் போதும். ஆட்டம் கண்டதும் அஞ்சிக் கார் பிரேக்கை அழுத்துவது தவறு. வேகமுடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, காரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். என் மாணவர் பின்புறப் பெட்டியில் வைத்திருந்த இரண்டு நீர்க்குடுவைகளை நான் முன்னே மாற்றச் சொன்னேன். நெம்புகோல் பாடத்தை அவருக்கு நடத்தியவனே நான்தான்!

வழிவிடுதிகளுக்கிடையே 190 கிலோமீட்டர் வரை இடைவெளி உண்டு. பல இடங்களில் தொலைபேசி அலை எட்டாது. வண்டி பழுதுபட்டால் அதைவிட்டு நடக்கக் கூடாது என்பதே அங்கே முதல் விதி. வண்டி நிழல் தரும். தேடி வருவோருக்கும் விமானத்துக்கும் எளிதில் தென்படும். நடக்கும் மனிதன் தென்படமாட்டான். உடலின் நீரையும் வியர்வையாக விரைவில் இழப்பான். மருத்துவ விமானம் இறங்குவதற்கென்று, நெடுஞ்சாலையையே சில இடங்களில் அகலமாக்கி ஓடுபாதைக் கோடுகள் வரைந்திருக்கிறார்கள். மருத்துவ விமானப் பணி 1928-இல் தொடங்கியது.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் ஒரு சோதனைச் சாவடி. பயிர்ப்பூச்சியும் நோயும் புகாதிருக்கப் பழம், பச்சைக் காய்கறி, தேன் முதலியவற்றை அங்கே ஒப்படைத்துவிட வேண்டும். மாணவரின் மனைவி ஆறு எலுமிச்சம்பழங்களை மிகுந்த மனத்தாங்கலுடன் கொடுத்தார். அலுவலர் எங்கள் நீர்த்தொட்டியைத் தொடவில்லை.