மொரப்பாக்கத்துக்காரர் வீசிய முதல் பந்து

1934 நவம்பர் 4. சேப்பாக்கத்தில் மெட்ராஸும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். சொந்த ஊர் மொரப்பாக்கம்; ஸ்ரீபெரும்புதூரும் அடங்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது. பதினோரு விக்கெட் எடுத்த ராம்சிங்கை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்குக் கோபாலன் கையிலிருந்த அந்தப் புதுப் பந்தை விட்டு மனம் நகர மறுக்கிறது.

அவர் மித வேகப் பந்துவீச்சாளர். இதை இளப்பமாக நினைத்துவிடக் கூடாது. பந்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: நடுவில் ஆறு வரிசைத் தையல் மேடாக எழும்பி நிற்கும். அதைச் சற்றுச் சாய்த்து வீசினால், ஒரு பக்கம் பந்தை ஒட்டி ஓடும் காற்று தையலில் இடறிக் கலங்குகிறது. கலங்கிய காற்று பந்தை நெடுநேரம் பற்றிக்கொள்ளும். வழவழப்பான மறுபக்கத்தில் காற்று சீக்கிரமே பிரிந்துவிடும். பந்துக்குப் பின்னால் காற்று ஒரு பக்கமாகத் தள்ளப்பட, பந்து எதிர்ப்பக்கம், அதாவது தையல் காட்டும் திசையில் வளைகிறது. மணிக்கு சுமார் 110 கிலோமீட்டரில்தான் இது நன்றாக நடக்கிறது. வேகம் மிகவும் கூடினால் வழவழப்பான பக்கத்திலும் காற்று கலங்கி, வளைவு குறைந்துபோகும். என்ன ஒரு அழகான கணக்கு!

இந்த வளைவை இன்றும் சோதிக்கலாம்: ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடிந்து டென்னிஸ் பந்தில் ஆடுபவர்கள் ஒரு பக்கம் மட்டும் இன்சுலேஷன் டேப் சுற்றிப் பார்க்கலாம். சொரசொரப்பும் வழவழப்பும் தையலின் வேலையைச் செய்யும்.

கோபாலன் காலத்தில் ஆட்டம் சோறு போடவில்லை. அவருடைய திறமையைக் கண்டுகொண்ட மெட்ராஸ் கிரிக்கெட் வீரர் சி.பி. ஜான்ஸ்டன், பர்மா ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேலை கிடைக்க உதவினார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடியதுதான் அவருடைய ஒரே டெஸ்ட். ஹாக்கியிலும் கெட்டிக்காரர், 1935-இல் இந்திய அணியுடன் நியூசிலாந்து சென்றார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கை விட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். அங்கே ஒரு டெஸ்டில்கூட இடம் கிடைக்கவில்லை. பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. இதை எப்போது படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

1950-களில் மெட்ராஸும் இலங்கையும் மோதும் ஆட்டத்துக்குக் கோபாலன் கோப்பை என்று பெயர் வைத்தார்கள். 2003 வரை, 94 வயது வரை வாழ்ந்தார்.