இல்லத்தில் ஒரு படஅச்சுப்பொறி

தெஹிவளையிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தமிழர் இல்லத்தினுள் நுழைவோமாயின், முதலில் நம்மை வரவேற்பவை சுவரிலுள்ள படங்களே. மாலை சூட்டிய பாட்டனாரின் படம், மணக்கோலத்தில் நிற்கும் மகளின் படம், அரங்கேற்ற நாளில் எடுத்த பேத்தியின் படம் என அவை வரிசையாக இருக்கும். முன்னர் இவற்றை ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கித் தந்தனர். இன்று வீட்டிலேயே பெரிய அளவில் அச்சிடவல்ல பொறிகள் கடைகளுக்கு வந்துள்ளன. அவற்றுள் எதனைத் தெரிந்தெடுப்பது, முதலில் அப்படியொன்று நமக்கு வேண்டுமா என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

படம் கைத்தொலைபேசியில் இருக்கும்போது அதனைத் தாளில் அச்சிடுவானேன் என்று சிலர் கேட்கலாம். கொழும்பின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் லயனல் வென்ட் 1944ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் மறைந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் கண்டு வியப்பவை, அவர் காலத்தில் தாளில் அச்சிடப்பட்டு எஞ்சிய பிரதிகளே. நம்மவர் அனுபவமோ இதனினும் கசப்பானது. 1983ஆம் ஆண்டு ஜூலையில் இப்பகுதிகளில் எரிந்த வீடுகளோடு எத்தனையோ ஆல்பங்களும் எரிந்தன. அவ்வாறு படங்களை இழந்த குடும்பமொன்றுக்கு, ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள உறவினர் பெட்டியிற் கிடந்த ஒற்றைப் பிரதியே இன்று மூலமாகின்றது. அத்தகைய படத்தை மீண்டும் சுவரில் ஏற்றும்போது, ஐந்தாண்டில் மங்கிப்போகும் மையினால் அச்சிடுவது தகுமா? ஆதலின், பொறியைத் தெரிவு செய்பவர் விலைக்கு முன்னர் எண்ணவேண்டியது, படம் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதையே.

மையில் இருவகை உண்டு. ஒன்று சாய மை. மற்றது நிறமி மை. சாய மை நீரிற் கரைந்தது. துணியில் மஞ்சட்கறை ஊறுவதுபோலத் தாளினுள் ஊறிவிடும். பளபளப்பான தாளில் அதன் வண்ணம் மிக்க பொலிவுடையது; ஆனால் வெயிலில் மஞ்சட்கறை வெளுப்பதுபோல ஒளியாலும் காற்றாலும் விரைவில் மங்கும். நிறமி மையோ நுண்ணிய துகள்களால் ஆனது. சுவரிற் பூசிய வர்ணம்போல அது தாளின் மேற்பரப்பிற் படிந்து நிற்கும். நல்ல தாளில் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டத்துள் வைத்தால், தலைமுறைகள் கடந்தும் அது நிற்குமென எதிர்பார்க்கலாம்.

அடுத்து, மைகளின் எண்ணிக்கை. அலுவலகப் பொறிகளில் உள்ள நான்கு மைகள் கடிதத்துக்குப் போதும். முகத்தின் மென்மையான நிழல்களுக்கு ஆறு, எட்டு, பத்து மைகள் கொண்ட பொறிகளே ஏற்றவை. கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட விரும்புவோர் சாம்பல் நிற மையும் உடைய பொறியைத் தேடுதல் வேண்டும். அஃதில்லாவிடில் பாட்டியாரின் வெண்சேலையிற் பச்சையோ செம்மையோ சாயல் தட்டும்.

அளவைப் பார்ப்போம். வீட்டுப் பொறிகளிற் பெரியவை வழக்கமாக 13 அங்குல அகலமும் 19 அங்குல நீளமும் கொண்ட தாளை ஏற்கும். கையிலெடுத்து நோக்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். ஐந்தடி தூரத்திலிருந்து பார்க்கும் சுவர்ப்படத்துக்கு 200 போதும். 4 அங்குல அகலமும் 6 அங்குல நீளமும் உள்ள பழைய படமொன்றை ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளிகளாகப் பதிந்தால், அதனை 12 அங்குலத்துக்கு 18 அங்குலமாகப் பெரிதாக்கலாம். ஆனால் வாட்ஸப்பிற் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கியே வந்து சேரும். வெளிநாட்டு உறவினரிடம், படத்தைக் கோப்பாக அனுப்புமாறு சொல்வது நன்று. மூலத்தில் இல்லாத தெளிவை எந்தப் பொறியாலும் படைக்கவியலாது.

இனி நம்முடைய கடற்கரைச் சூழல். கொழும்பின் ஈரக்காற்று தாளின் பகை. திறந்த தாட்கட்டை உறையிலிட்டு மூடி வைத்தல் வேண்டும். பொறியிலும் ஒரு தொல்லையுண்டு. பல வாரம் பயன்படுத்தாவிடின் மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடும். அவற்றைத் துப்புரவு செய்வதற்கே பெருமளவு மை செலவாகும். வாரமொருமுறை எல்லா வண்ணங்களும் கலந்த ஒரு சிறு படத்தை அச்சிடுதல் இதற்கு மருந்து. பொறியை அணைக்கும்போது சுவரிலுள்ள ஆளியை நேரே தட்டாது, பொறியின் விசையையே முதலில் அழுத்துக. அப்போதுதான் மைத்தலை தன் மூடிக்குட் சென்று அடங்கும்.

இவற்றையெல்லாம் எண்ணியபின் முடிவு எளிது. ஆண்டுக்கு ஐந்தாறு பெரிய படங்களே வேண்டுவோர் பொறி வாங்கவேண்டியதில்லை. நல்ல ஸ்டூடியோவுக்குச் சென்று, எவ்வகை மை, எவ்வகைத் தாள் எனக் கேட்டு அச்சிடுவித்தலே சிக்கனம். வாரந்தோறும் பல படங்கள் அச்சிட்டு உறவினர்க்கு வழங்குவோர்க்கு, எப்சன் எல்-18050 போன்ற, புட்டியிலிருந்து மை நிரப்பும் ஆறு வண்ணப் பொறி ஏற்றது. அதன் மை சாய வகை. புட்டியொன்று 70 மில்லிலீற்றர் கொள்ளும். எண்ணிக்கை குறைந்தாலும் படம் நெடுங்காலம் நிற்கவேண்டும் என்போர்க்குக் கனன் இமேஜ்ப்ரோகிராஃப் ப்ரோ-300 போன்ற நிறமி மைப் பொறி தக்கது. ஆயினும் அதன் மைக்கூடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 14 மில்லிலீற்றரே கொள்ளும். அத்தகைய கூடுகள் பத்து உண்டு. ஆதலின் வாங்குமுன் பொறியின் விலையோடு ஒரு முழுத்தொகுதி மையின் விலையையும் கேட்டறிக. அந்த மை கொழும்புக் கடைகளில் இடையறாது கிடைக்குமா என்பதையும் உசாவுக.

இறுதியாக, சட்டமிடல். பழைய படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போய்க் கிழிந்ததை நம்மிற் பலர் கண்டிருப்போம். படத்துக்கும் கண்ணாடிக்குமிடையே தடித்த அட்டை விளிம்பொன்றை வைத்தால் அந்த இழப்பு நேராது. அச்சிட்ட படத்தை ஒருநாள் உலரவிட்ட பின்னரே சட்டத்துள் இடுக. வெயில் நேரே விழும் சுவரையும், ஈரம் கசியும் சுவரையும் தவிர்த்துவிடுக. அத்தோடு இன்னொரு பிரதியையும் அச்சிட்டு, வேறோர் ஊரிலுள்ள உறவினர் இல்லத்துக்கு அனுப்பி வைப்பது பெரும் பாதுகாப்பாகும்.