‘அனந்தபுரம்’ என்பதில் எத்தனை எழுத்து? ஏழா, பத்தா, முப்பதா!

செஞ்சியை அடுத்த அனந்தபுரம், விழுப்புரம் மாவட்டத்துப் பேரூராட்சிகளில் ஒன்று. அந்த ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்து என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடும்: அ, ன, ந், த, பு, ர, ம். ஆக ஏழு.

இதே கேள்வியைக் கணினியிடம் கேட்டுப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் கேட்டால் ‘பத்து’ என்கிறது. பிஎச்பி மொழியில் எழுத்துகளை எண்ணும் பழைய கட்டளையைக் கொடுத்தால் ‘முப்பது’ என்கிறது. இரண்டும் உலகத்து இணையதளங்களைத் தாங்கி நிற்கும் மொழிகள். இரண்டுமே 1995-ல் பிறந்தவை. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை எழுதினார். அதே ஆண்டு ராஸ்மஸ் லெர்டார்ஃப், பிஎச்பியை வெளியிட்டார். இத்தனை ஆண்டு அனுபவம் உள்ள இரு மொழிகளும் ஓர் ஊர்ப் பெயரை எண்ணத் தடுமாறுவது ஏன்?

இது வெறும் வேடிக்கைக் கணக்கு இல்லை. உங்கள் பிள்ளையின் சான்றிதழில் இனிஷியல் சரியாக வருமா, பட்டியலில் பெயர் சரியான இடத்தில் இருக்குமா என்பதெல்லாம் இந்த எண்ணிக்கையோடு சம்பந்தப்பட்டவை.

அணி என்றால் என்ன?

தமிழக அரசின் பிளஸ் டூ ‘கணினிப் பயன்பாடுகள்’ பாடத்தில் பிஎச்பி மொழி இருக்கிறது. அதில் மாணவர்கள் படிக்கும் ஒரு முக்கியமான விஷயம், ‘அணி’. ஆங்கிலத்தில் ‘அர்ரே’ என்பார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பல பொருட்களை வரிசையாக வைத்து, மொத்தத்துக்கும் ஒரே பெயர் கொடுத்தால் அதுதான் அணி.

செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் காலத்து 12 கோட்டைகள் இடம்பிடித்தன. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். அந்தக் கோட்டை மூன்று மலைகளைச் சேர்த்துக் கட்டியது. ‘மலைகள்’ என்று ஓர் அணி. அதற்குள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் இட எண் உண்டு. ஒரு சின்ன வித்தியாசம்: நாம் ஒன்றிலிருந்து எண்ணுவோம், இந்த மொழிகள் பூஜ்யத்திலிருந்து எண்ணும். ராஜகிரிக்கு 0, கிருஷ்ணகிரிக்கு 1, சந்திரகிரிக்கு 2. ‘தொடக்கத்திலிருந்து எத்தனை தள்ளி இருக்கிறது’ என்பதுதான் அந்த எண். முதல் பொருள் தொடக்கத்திலேயே இருப்பதால் அதற்குப் பூஜ்யம்.

அணி கையில் இருந்தால் பல வேலைகள் சுலபம். கடைசியில் ஒன்றைச் சேர்க்கலாம், நடுவில் ஒன்றை எடுக்கலாம், தலைகீழாகத் திருப்பலாம், அகர வரிசையில் அடுக்கலாம். எண்ணுக்குப் பதில் பெயரையே அடையாளமாக வைக்கவும் பிஎச்பி அனுமதிக்கும். ‘கமலா’ என்று கேட்டால் கமலாவின் மதிப்பெண் வந்து நிற்கும்.

சொல்லையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து அணியில் போடலாம். தமிழுக்குச் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

பத்தும் முப்பதும் வந்த கதை

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் கொடுக்கும் ஏற்பாடு, யூனிகோடு. 1991-ல் அதன் முதல் பதிப்பு வந்தபோதே தமிழும் இடம்பெற்றது. இந்திய மொழிகளுக்காக 1988-ல் உருவான ‘இஸ்கி’ என்ற தரத்தை அடியொற்றி, தமிழுக்கு 128 கட்டங்கள் ஒதுக்கப்பட்டன. நம் எழுத்துகளோ 247. எல்லாவற்றுக்கும் தனிக்கட்டம் கிடையாது. உயிர் எழுத்துகளுக்கும், ‘க, ங, ச’ போன்ற அகரமேறிய எழுத்துகளுக்கும் ஒவ்வோர் எண் கிடைத்தது. கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியவை தனி எண்களாக நின்றன.

அதனால் ‘பு’ என்பது கணினிக்கு ஓர் எழுத்தல்ல. ‘ப’ ஒன்று, உகரக் குறி ஒன்று. ‘ம்’ என்பது ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று. அனந்தபுரத்தில் இரண்டு புள்ளிகளும் ஓர் உகரக் குறியும் இருக்கின்றன. ஏழோடு மூன்றைக் கூட்டினால் பத்து. ஜாவாஸ்கிரிப்ட்டின் கணக்கு இதுதான்.

முப்பது எப்படி? யூனிகோடு எண்களைச் சேமிக்கவும் அனுப்பவும் இணையத்தில் புழங்கும் முறையில், ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். பத்தை மூன்றால் பெருக்கினால் முப்பது. பிஎச்பியின் பழைய கட்டளை எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டைத்தான் எண்ணுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொன்றை எண்ணுகிறார்கள், அவ்வளவுதான்.

இலக்கணத்தில் ‘க்’ என்ற மெய்யோடு ‘அ’ சேர்ந்தால்தான் ‘க’. கணினியில் ‘க’தான் முதல், அதன் மேல் புள்ளி வைத்தால் ‘க்’. இலக்கணத்துக்கு இது தலைகீழ். ஆனால், பலகையில் எழுதும் பிள்ளை செய்வதும் இதைத்தானே? முதலில் ‘க’ வரைந்துவிட்டு அப்புறம் புள்ளி வைக்கிறது.

விகடகவிக்கு வந்த சோதனை

முன்னும் பின்னும் ஒரே மாதிரி வரும் சொல்லுக்கு ‘விகடகவி’யைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவோம். வி, க, ட, க, வி. திருஞானசம்பந்தர் இந்த உத்தியில் ‘திருமாலைமாற்று’ என்று ஒரு பதிகமே பாடியிருக்கிறார்.

கணினியிடம் விகடகவியைக் கொடுத்து, ‘பிரித்து அணியாக்கு, திருப்பு, சேர்’ என்று மூன்று கட்டளை போடுங்கள். அது ஐந்து எழுத்தாகப் பிரிக்காது. ஏழு துண்டாகப் பிரிக்கும். திருப்பும்போது கடைசி ‘வி’யின் இகரக் குறி முன்னால் வந்து அநாதையாக நிற்கும். முதல் ‘வி’யின் இகரக் குறி பக்கத்து ‘க’வின் மேல் போய் ஏறி, அதை ‘கி’ ஆக்கிவிடும். ‘இது மாலைமாற்று அல்ல’ என்று தீர்ப்பும் சொல்லிவிடும். அனந்தபுரத்தைத் திருப்பினாலும் இதே கதி. ‘ந்’தின் புள்ளி ‘த’வுக்குப் போகும், ‘பு’வின் உகரம் ‘ர’வுக்குத் தாவும்.

அப்பா பெயரே மாறினால்?

விகடகவியில் சிரித்துவிட்டுப் போகலாம். பெயரில் நடந்தால் சிரிக்க முடியாது.

தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலும் தமிழிலேயே இருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தமிழக அரசு உத்தரவிட்டது. கோவிந்தன் மகள் செல்வி என்றால் ‘கோ. செல்வி’. இதை ஒரு மென்பொருள் தானாகப் போட வேண்டும் என்றால், அப்பா பெயரின் பூஜ்யமாவது இடத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் அந்த இடத்தில் இருப்பது வெறும் ‘க’. ஓகாரக் குறி அடுத்த கட்டத்தில் கிடக்கும். ‘கோ. செல்வி’, ‘க. செல்வி’ ஆகிவிடுவார். ஒரு சான்றிதழில் ‘கோ’, இன்னொன்றில் ‘க’ என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிரூபிக்க அலைய வேண்டியவர் செல்விதான்.

அடுத்தது, பெயர் வரிசை. கபிலன், கமலா, கனகா என்பதுதான் நம் அகர வரிசை. தமிழில் ‘ன’ கடைசி மெய். யூனிகோடு அட்டவணையிலோ ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, அதன்பின் ‘ப’. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் கட்டளை, கனகாவை முதலில் கொண்டுபோய் நிறுத்தும். பவானிக்குப் பின் வர வேண்டிய பழனி, முன்னால் போய் நிற்பார். புள்ளிக்கு அங்கே கடைசி இடம் என்பதால், ‘அம்மு, அமலா, அமுதா’ என்ற வரிசையில் முதலில் வர வேண்டிய அம்மு கடைசிக்குப் போய்விடுவார். நூறு பேர் பட்டியலில் கண்ணால் தேடிப் பிடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான பெயர்கள் உள்ள பட்டியலில், இருக்க வேண்டிய இடத்தில் பெயர் இல்லாவிட்டால் ‘பெயரே இல்லை’ என்றுதான் பலரும் நினைத்துத் திரும்புவார்கள்.

மூன்றாவது, வெட்டு. பிஎச்பியில் ‘முதல் 20 மட்டும் எடு’ என்று பைட் கணக்கில் வெட்டினால், ஆறு குறியீடுகள் முழுசாக வரும். ஏழாவது பாதியில் அறுபடும். ‘அனந்தப’ என்று வந்து, பக்கத்தில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும். அப்படிப்பட்ட கேள்விக்குறியை இணையத்தில் பார்க்காதவர்கள் குறைவு.

எஸ்எம்எஸ் கணக்கும் இதையொட்டியதுதான். ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து போகும். தமிழில் 70 குறியீடுதான். ‘செஞ்சி’ என்ற மூன்றெழுத்தே அதில் ஆறு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தமிழ்க் குறுஞ்செய்திகள் ஏன் சுருக்கமாகவே இருக்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும்.

தீர்வு இருக்கிறதா?

இருக்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ‘டேஸ் 16’ என்ற முறையை, யூனிகோடோடு சேர்த்து 2010-ல் தமிழக அரசு ஏற்றது. ஆனால், செல்போனும் இணையமும் யூனிகோடு வழியில்தான் நடக்கின்றன. எனவே அந்த வழியிலேயே சரியாக எண்ணக் கற்றுக்கொடுப்பதுதான் நடைமுறைக்கு உகந்தது.

அதற்கான விதி, பிளஸ் டூ மாணவர் பத்து வரியில் எழுதிவிடக்கூடியது. வெறும் அணி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லின் குறியீடுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வருவது கால், கொம்பு, சுழி, புள்ளி போன்ற துணைக்குறி என்றால், அணியில் கடைசியாக உள்ள எழுத்தோடு ஒட்டுங்கள். இல்லையென்றால் புதிய உறுப்பாகச் சேருங்கள். அனந்தபுரத்தில் நடத்திப் பார்ப்போம். ‘அ’ புதிது, ‘ன’ புதிது, ‘ந’ புதிது, புள்ளி வருகிறது, ‘ந’வோடு ஒட்டு. ‘த’ புதிது, ‘ப’ புதிது, உகரக் குறி வருகிறது, ‘ப’வோடு ஒட்டு. ‘ர’ புதிது, ‘ம’ புதிது, புள்ளியை ஒட்டு. இப்போது அணியில் சரியாக ஏழு உறுப்புகள்! இந்த அணியைத் திருப்பினால் விகடகவியும் விகடகவியாகவே வருவார். பூஜ்யமாவது உறுப்பை எடுத்தால் கோவிந்தனுக்கு ‘கோ’ கிடைக்கும்.

இரண்டு இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘ஸ்ரீ’யை இந்த விதி ‘ஸ்’, ‘ரீ’ என்று இரண்டாக்கிவிடும். அதற்குத் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். ‘கொ’ என்பதை ஒரே ஒகரக் குறி போட்டும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. தேடும்முன் இரண்டையும் ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

விதியை எழுத நேரமில்லை என்பவர்களுக்குத் தயார் கருவிகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே பிரிக்கும் ‘செக்மென்டர்’ ஜாவாஸ்கிரிப்ட்டில் இருக்கிறது. குரோம் உலாவி 2020-லும் சஃபாரி 2021-லும் ஏற்ற இதை, 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் ஏற்றது. பிஎச்பியில் ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் கட்டளைகள் ஏழு என்றே எண்ணும். 2024 நவம்பரில் வந்த 8.4 பதிப்பில், சொல்லை நேராக எழுத்து அணியாகப் பிரிக்கும் கட்டளையும் சேர்ந்திருக்கிறது. அகர வரிசைக்கு இரு மொழிகளிலும் ‘கொலேட்டர்’ உண்டு. ‘தமிழ் முறைப்படி அடுக்கு’ என்று அதனிடம் சொன்னால் போதும். கனகா கடைசியிலும், அம்மு முதலிலும் வந்துவிடுவார்கள். பைத்தான் மொழிக்காரர்களுக்கு ‘ஓப்பன் தமிழ்’ என்ற கட்டற்ற நிரல் தொகுப்பு இருக்கிறது.

கற்றுக்கொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்தில் ‘விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு’ என்ற தன்னார்வ அமைப்பு, கிராமத்து மாணவர்களுக்குக் கணினி நுட்பங்களை இலவசமாகச் சொல்லித்தருகிறது. 2012 முதல் வரும் ‘கணியம்’ மின்னிதழ், கணினி மொழிகளைத் தமிழிலேயே விளக்கும் நூல்களை இலவசமாகத் தருகிறது.

கருவிகள் தயாராக இருக்கின்றன. கேட்டு வாங்குவதுதான் பாக்கி. உங்கள் பள்ளிக்கோ கடைக்கோ சங்கத்துக்கோ யாராவது மென்பொருள் எழுதித் தந்தால், வாங்கும்முன் மூன்று சோதனை வையுங்கள். கோவிந்தன் என்று அடித்தால் இனிஷியல் ‘கோ’ என்று வருகிறதா? கனகா, கமலா, கபிலன் மூவரும் சரியான வரிசையில் நிற்கிறார்களா? அனந்தபுரத்துக்கு ஏழு என்கிறதா? மூன்றில் ஒன்று தவறினாலும், சரிசெய்யச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். எழுதியவருக்கு அது சில வரி வேலைதான். செல்விக்கோ அது அப்பா பெயர்.