சூரியத் தகட்டின் கண்டுமுதல்

அறுவடைக்கு முன்பே வயலைப் பார்த்துக் கண்டுமுதல் இவ்வளவு என்று மதிப்பிடுவது நம் விவசாயிகளுக்குக் கைவந்த கலை. கூரைமீது அமைக்கும் சூரியத் தகடு எத்தனை யூனிட் மின்சாரம் தரும் என்பதையும் அவ்வாறே முன்கூட்டி மதிப்பிடலாம். குஜிலியம்பாறை ஒன்றியத்தில் ஊராட்சி உறுப்பினர் ஒருவர், "மூன்று கிலோவாட் தகடு நாளொன்றுக்கு 15 யூனிட் தரும் என்கிறார்களே, நம்பலாமா?" என்று என்னை வினவினார். பொதுப்பணம் சம்பந்தப்பட்ட வினாவாதலின், அதன் விடையை யாவரும் அறிதல் நலம்.

முதலில் அறியவேண்டுவது வெயிலின் அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1,000 வாட் வலிமையுடன் ஒரு மணி நேரம் விழும் கதிரை ஒரு முழுவெயில் மணி எனக் கொள்வர். திண்டுக்கல் சமவெளியில் இதன் ஆண்டுச் சராசரி நாளொன்றுக்குச் சுமார் 5 மணி. மார்ச்சில் 6 மணியாக உயரும். வடகிழக்குப் பருவமழை மேகம் சூழும் நவம்பரில் 4 மணி அளவுக்கு இறங்கும். இத்தகைய கதிர்வீச்சைச் சென்னையிலுள்ள தேசிய காற்றுச் சக்தி நிறுவனம் நாடெங்கும் நிலையங்கள் அமைத்து அளந்துள்ளது.

இரண்டாவது, இழப்பு. தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் சோதித்துக் குறிக்கப்படுகிறது. நம் கோடையிலோ தகடு 60 டிகிரி வரை சூடேறும். அதனால் மட்டும் உற்பத்தி நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குறையும். புழுதி, கம்பி, இன்வெர்ட்டர் ஆகியவற்றால் நேரும் இழப்பும் சேர்ந்தால் காற்பங்கு போய்விடும். ஆகவே முக்காற்பங்கையே கணக்கிற் கொள்ள வேண்டும்.

இனிக் கணக்கு எளிது. மூன்று கிலோவாட்டை 5 மணியாற் பெருக்கினால் 15. உறுப்பினரிடம் சொல்லப்பட்டது இழப்பைக் கழிக்காத இத்தொகையே. முக்காற்பங்கு 11¼ யூனிட். ஆண்டுக்குச் சுமார் 4,100. சொல்லப்பட்டதற்கும் இதற்கும் ஆண்டுக்கு 1,300 யூனிட்டுக்கு மேல் வித்தியாசம்! மார்ச்சில் 13½ யூனிட்டும் நவம்பரில் 9 யூனிட்டும் எதிர்பார்க்கலாம். அன்றாடம் தவறக்கூடாத வேலைகளை இந்த 9 யூனிட்டுக்குள் அடக்கித் திட்டமிடுவதே விவேகம். மழை மூடிய நாட்களில் அதுவும் குறையும்.

தகடு தெற்கு நோக்கிச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கட்டும். வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றின் நிழல் படலாகாது. ஒரு தகட்டில் விழும் நிழல், தொடராக இணைந்த மற்றவற்றின் உற்பத்தியையும் குறைத்துவிடும். புழுதியை அதிகாலையில் கழுவுங்கள். மாதந்தோறும் மீட்டர் கணக்கை மதிப்பீட்டுடன் ஒப்பிட்டு, வெகுவாகக் குறைந்தால் உடனே காரணம் தேடுங்கள். இக்கணக்கை ஊராட்சிக் கூட்டத்தில் போட்டுப் பார்த்த பிறகே விலைப்புள்ளியை ஏற்பது முறையாகும்.