மூச்சு யந்திரமும் விமானம் ஏறட்டும்!

மகளுக்குப் பிரசவ சமயம். அமெரிக்கா போக டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மயிலாப்பூர் மாட வீதியிலோ, அடையாறு காந்தி நகரிலோ ஒரு வீட்டுக் கூடத்தில் பெட்டிகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன. பிரசவ லேகியம், பருப்புப் பொடி, வடாம், தியாகராய நகரில் தேடி வாங்கிய பட்டுத் துணிகள் எல்லாம் உள்ளே போகின்றன. தராசு முள் 23 கிலோவைத் தாண்டுகிறது. எதை எடுத்து வெளியே வைப்பது?

"இந்த மூச்சு யந்திரத்தை வைத்துவிட்டுப் போனால் என்ன? மூன்று மாசந்தானே! சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

சகோதரிகளே, உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சொன்னால் தயவு செய்து சம்மதிக்காதீர்கள். வடாம் இல்லாமல் மூன்று மாதம் தள்ளலாம். இது இல்லாமல் தள்ள முடியாது.

குறட்டை விடுவது நல்ல தூக்கமா?

குறட்டை விடுகிறவரைக் கும்பகர்ணன் என்று கேலி செய்கிறோம். கும்பகர்ணனாவது நிம்மதியாகத் தூங்கினான்! 'ஸ்லீப் அப்னியா' என்ற வியாதி உள்ளவர்களுக்கு அந்தப் பாக்கியமும் கிடையாது. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபட்டுப் போகிறது. பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கிறது. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அரண்டுபோய் ஆளை உலுக்குகிறது. பெரிய குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. மணிக்கு 5 தடவை இப்படி நேர்ந்தாலே வியாதி என்று கணக்கு. 30 தடவைக்கு மேல் போனால் கடுமையானது. படுத்திருப்பவருக்குக் காலையில் ஒன்றும் நினைவிராது. ஆனால் ரத்த அழுத்தம் ஏறும்; இருதயத்துக்கும் கெடுதல். 2022 பிப்ரவரியில் பம்பாயில் காலமான சினிமா இசையமைப்பாளர் பப்பி லஹரிக்கு இந்த வியாதி இருந்ததை அவருடைய டாக்டர்களே சொன்னார்கள்.

இது ஆண்கள் வியாதி என்று எண்ணிவிட வேண்டாம். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கும் அதிகமாக வருகிறது. குறட்டை பலமாக இல்லாமல், காலைத் தலைவலி, ஓயாத அசதி, அடிக்கடி விழிப்பு என்று வேறு வேஷத்தில் வருவதும் உண்டு. நாமோ, "வயசாச்சு, வேலை ஜாஸ்தி" என்று தள்ளிவிடுகிறோம்!

இதற்குத்தான் 'சிபாப்' யந்திரம். 1980-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் கோலின் சல்லிவன், நோயாளி ஒருவரின் மூக்கு வழியாக இரவு முழுவதும் காற்றைச் செலுத்தித் தொண்டை அடைபடாமல் காத்தார். மறு வருஷமே அதை 'லான்செட்' வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார். யந்திரம் வியாதியைப் போக்குவதில்லை. மாட்டிக்கொள்ளும் இரவுகளில் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். கழற்றி வைத்தால் சில நாட்களுக்குள் பழைய கதைதான்.

பெட்டியில் அல்ல, கையில்!

யந்திரத்தை ஒருபோதும் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். பெட்டி வழி தவறினால் அன்றைய இரவு என்ன செய்வது? தனிப் பையில் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அமெரிக்கா போய்வரும் விமானங்களில் இதைக் கைப்பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி. மற்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் விமானக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பையில் இடம் இருக்கிறதே என்று ஊறுகாய்ப் பாட்டிலைத் திணிக்க வேண்டாம். அப்புறம் அது வைத்தியப் பையல்ல, சாமான் பை!

வியாதியின் பெயர், யந்திரத்தின் பெயர், அழுத்தத்தின் அளவு ஆகியவற்றை எழுதி டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தால் அளக்கிறார்கள். சாதாரணமாக 4 முதல் 20 சென்டிமீட்டர் வரை. யந்திரம் பழுதானால் வேறொன்று பெற இந்த எண் உதவும்.

புறப்படுமுன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து துடைத்துவிடுங்கள். அமெரிக்க விமான நிலையச் சோதனையில் யந்திரத்தைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். முகமூடியும் குழாயும் பைக்குள்ளேயே இருக்கலாம். தட்டில் வைக்குமுன் ஒரு சுத்தமான பிளாஸ்டிக் உறையில் போட்டுவிட்டால் அழுக்குப் படாது.

நீண்ட பிரயாணம், விமானத்திலேயே தூங்க வேண்டியிருக்கும். அங்கே யந்திரத்தை உபயோகிக்க விரும்பினால் 48 மணி நேரத்துக்கு முன்பே கம்பெனிக்குத் தெரிவியுங்கள். பாட்டரி கொண்டுபோனால் அதுவும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-மணி வரை தடையில்லை. அதற்கு மேல் 160 வரை கம்பெனியின் அனுமதி தேவை. யந்திரம் மாட்டாமல் தூங்கப் போகிறவர், டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளவே கூடாது. அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும்.

பிளக்கும் தண்ணீரும்

நம் ஊரில் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. பயப்பட வேண்டாம். யந்திரத்தின் மின்சாரப் பெட்டியில் '100-240' என்று அச்சிட்டிருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். பிளக்கின் உருவத்தை மாற்றும் சிறு அடாப்டர் போதும். ரிச்சி தெருவில் கிடைக்கும். அமெரிக்காவுக்குத் தட்டையான இரண்டு கால், இங்கிலாந்துக்கும் சிங்கப்பூருக்கும் தட்டையான மூன்று கால். படுக்கைக்கு அருகில் பிளக் இருக்கிறதா என்று மகளை முன்பே விசாரியுங்கள். தொட்டிக்கு வேண்டிய 'டிஸ்டில்ட் வாட்டர்' அங்கே மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஒரு காலன் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வெட்கம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்ள நாம் கூச்சப்படுகிறோமா? இதுவும் அப்படித்தான். போய் இறங்கிய முதல் இரவே சம்பந்தியம்மாளிடம் யந்திரத்தைக் காட்டி, "இது இருந்தால்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். "எங்காத்திலே அவருக்கும் ராத்திரியெல்லாம் ஒரே குறட்டை, இதை எங்கே வாங்கினேள்?" என்று அவர் கேட்டாலும் கேட்கலாம்! பேரக் குழந்தையை மடியில் வாங்கிக்கொள்ளும் பாட்டி கண் அசராமல் இருக்க வேண்டாமா?